ஒரே வண்டிக்கு மூன்று நோட் கட்டளை கொடுத்தால் எதைக் கேட்பது?

நான்குசக்கரம்:
எங்கள் கல்லூரியில் ஒரு பேட்டரி கோல்ஃப் வண்டியை ஆர்ஓஎஸ் 2 என்ற ரோபோ மென்பொருளை வைத்துத் தானாக ஓட்டுகிறோம். வேகமும் ஸ்டீயரிங்கும் சிஎம்டி_வெல் என்ற ஒரே டாபிக்கில் (மெசேஜ் போகும் தடம்) போகின்றன. அதில் மூன்று நோட்கள் (தனித்தனியாக ஓடும் புரோகிராம்கள்) எழுதுகின்றன: நேவிகேஷன், ஜாய்ஸ்டிக், லைடாரில் (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) ஆள் தெரிந்தால் பூஜ்யம் அனுப்பும் நோட். எதிரில் ஆள் வந்தால் நேவிகேஷன் நொடிக்கு 1.5 மீட்டர் போ என்கிறது, லைடார் நில் என்கிறது. வண்டி உலுக்கி உலுக்கி ஆளை நோக்கியே நகர்கிறது. லைடார் நோட்டை இன்னும் அடிக்கடி அனுப்ப வைத்தோம். உலுக்கல் குறைந்தது, வண்டி நிற்கவில்லை. பெரிய வண்டிகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

வயர்ஹார்னஸ்:
கடைசியாக வந்த மெசேஜ்தான் ஜெயிக்கும் என்றால் இப்படித்தான் ஆகும். மூன்றுக்கும் தனித்தனி டாபிக் கொடுத்து நடுவில் ட்விஸ்ட் மக்ஸ் போடுங்கள், வருகிற கட்டளைகளில் ஒன்றை மட்டும் வெளியே விடும் நோட் அது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை முன்னுரிமை, பெரிய எண் ஜெயிக்கும். நேவிகேஷனுக்கு 10, ஜாய்ஸ்டிக்குக்கு 100, டைம்அவுட் (அவ்வளவு நேரம் மெசேஜ் வராவிட்டால் அந்த டாபிக்கை விட்டுவிடும்) 0.5 நொடி என்று ஆரம்பிக்கலாம்.

நான்குசக்கரம்:
நன்றி அண்ணா. லைடாரை எங்கே வைப்பது? ஜாய்ஸ்டிக்குக்கு மேலே வைத்தால், சுவர் பக்கம் நின்ற வண்டியைக் கையால் பின்னால் எடுக்க முடியவில்லை. கீழே வைத்தால், ஜாய்ஸ்டிக் பிடித்திருப்பவர் கவனிக்காவிட்டால் ஆள் மேல் போய்விடும். அதோடு லைடார் ஜெயிக்கும்போது ஸ்டீயரிங்கும் பூஜ்யமாகி, வளைவில் சக்கரம் நேராகத் திரும்பிவிடுகிறது.

பிரேக்_ரூம்:
தம்பி, லைடாரை அந்த வரிசையிலேயே சேர்க்காதீர்கள். நான் லாரி பிரேக் மென்பொருளில் வேலை செய்கிறேன். அங்கே எஸ்ஏஇ ஜே1939-இல் (லாரிக்குள் இருக்கும் கண்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் தரமுறை) டிஎஸ்சி1 என்று ஒரு மெசேஜ் உண்டு. கியர் மாற்றும்போது டிரான்ஸ்மிஷன் இன்ஜினிடம் டார்க் (முறுக்குவிசை) குறைக்கச் சொல்வது இதன் வழியாகத்தான். அதில் முன்னுரிமைக்கு இரண்டே பிட், நான்கு படி. அங்கே 0-தான் உச்சம், ட்விஸ்ட் மக்ஸுக்கு நேர் எதிர்.

ஆனால் எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இன்னொரு புலம்: கேட்பவர் என்ன வகையில் கேட்கிறார் என்பது. இந்த வேகத்தில் ஓடு என்று கேட்கலாம், இவ்வளவு டார்க் கொடு என்று கேட்கலாம், அல்லது இதற்கு மேல் போகாதே என்று உச்சவரம்பு மட்டும் வைக்கலாம். உங்கள் லைடாருக்கு வேண்டியது அந்த மூன்றாவது வகைதான். அது வண்டியை ஓட்ட வரவில்லை, எல்லை போட வந்திருக்கிறது.

அதனால் மக்ஸில் நேவிகேஷனும் ஜாய்ஸ்டிக்கும் மட்டும் இருக்கட்டும். மக்ஸுக்கும் மோட்டாருக்கும் நடுவே லைடார் நோட் உட்காரட்டும். வருகிற முன்னோக்கு வேகத்தையும் தன் வரம்பையும் பார்த்து, சிறியதை அனுப்பட்டும். பின்னால் போகும் வேகத்துக்குப் பின்பக்க லைடாரை வைத்துத் தனி வரம்பு. ஸ்டீயரிங் தொடாமல் அப்படியே போகட்டும். பின்னாளில் பிரேக்குக்குத் தனிக் கட்டளை வந்தால் அங்கே விதி தலைகீழ்: இரண்டு பேர் கேட்டால் அதிகம் கேட்டவர் பக்கம்.

இன்னொன்று. ஜாய்ஸ்டிக்கை விட்ட 0.5 நொடியில் நேவிகேஷன் தானே கையில் எடுத்துக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவர் எதிர்பார்க்காத நேரத்தில் வண்டி கிளம்பும். காரில் பிரேக்கை மிதித்தால் குரூஸ் கண்ட்ரோல் விலகிவிடும், ஓட்டுநர் ரெஸ்யூம் அழுத்தினால்தான் திரும்பும். அதேபோல் ஒரு பட்டன் வையுங்கள். ஆள் நடமாடுகிற வளாகம், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வயர்ஹார்னஸ்:
நானும் அதற்கே சம்மதம். ஒன்றைச் சேர்க்கிறேன்: எல்லா டாபிக்கும் நின்றுபோனால் ட்விஸ்ட் மக்ஸ் பூஜ்யம் அனுப்பாது, சும்மா இருந்துவிடும். மோட்டார் கண்ட்ரோலருக்கே ஒரு டைம்அவுட் இல்லையென்றால் 1.5 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். சிவப்பு எமர்ஜென்சி பட்டனை ஆர்ஓஎஸ் வழியாகக் கொண்டுபோகாமல் மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் காயில் வயரிலேயே போடுங்கள். சரிவில் அது மட்டும் போதாது, கரண்ட் போனால் தானே பிடிக்கும் பிரேக் மோட்டாரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்குசக்கரம்:
டைம்அவுட் எங்கள் கண்ட்ரோலரில் இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

வயர்ஹார்னஸ்:
வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தரையில் படாமல் சுழல விடுங்கள். சுழலும்போது கம்ப்யூட்டருக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே போகும் வயரைப் பிடுங்குங்கள். சக்கரம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள்.