மேல்மாவு உரியாமல், நமுத்துப் போகாமல் மீன் பொரிப்பது எப்படி? தொட்டுக்கொள்ள என்ன செய்யலாம்?

கேள்வி: கோவை வாசகி

வணக்கம். மீனை மாவில் தோய்த்துப் பொரிக்கும்போதெல்லாம் இரண்டு சிக்கல்கள் வருகின்றன. கடாயில் இருக்கும்போதே மேல்மாவு ஏடு ஏடாக உரிந்து எண்ணெயில் மிதக்கிறது. உரியாமல் தப்பிய துண்டுகளும் இலைக்கு வருவதற்குள் நமுத்துப் போகின்றன. நான் வாங்குவது பெரும்பாலும் ஐஸில் வைத்து வரும் கொடுவா; அது கிடைக்காத நாள்களில் உறையவைத்து விற்கும் பாசா துண்டுகள். மைதாவையும் கார்ன்ஃப்ளவரையும் சம அளவில் எடுத்து, முட்டை, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது சேர்த்துக் கெட்டியாகக் கரைத்து, மீனை ஒரு மணி நேரம் அதிலேயே ஊறவைத்துப் பொரிக்கிறேன். இதில் எதை மாற்ற வேண்டும்? கடையில் வாங்கும் தக்காளி சாஸும் மீனுக்குப் பொருந்தவில்லை. பிள்ளைகளும் பெரியவர்களும் விரும்பித் தொட்டுக்கொள்ளும்படி வீட்டிலேயே செய்யக்கூடியது எதையேனும் சொல்லுங்கள்.

பதில்: முத்துநகர்

சகோதரி, இரண்டு சிக்கலுக்கும் காரணம் மீனில் நிற்கும் நீர்தான். ஐஸில் வந்த மீனின் மேல் எப்போதும் ஈரம் இருக்கும்; சூடான எண்ணெயில் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும்போது, மீனோடு ஒட்டாத மாவை அப்படியே தூக்கி உரித்துவிடுகிறது. பாசாவில் நீர் இன்னும் அதிகம். அதை முதல்நாள் இரவே ஓர் ஓட்டைத் தட்டில் பரப்பி, கீழே கிண்ணம் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருகவிடுங்கள். தண்ணீரில் போட்டு உருக்க வேண்டாம்.

அரைக் கிலோ மீனுக்கு ஒரு தேக்கரண்டி உப்பைத் தடவி 20 நிமிடம் வைத்தால் மேலாக இருக்கும் நீர் வெளியே வந்துவிடும். அதைக் கீழே ஊற்றிவிட்டு, பருத்தித் துணியால் ஒவ்வொரு துண்டையும் நன்றாக ஒற்றி எடுங்கள். துணியில் ஈரம் படாத வரை ஒற்றுவதுதான் இந்தச் சமையலில் பாதி வேலை. அதன்பின் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகுத்தூள், பிழிந்தெடுத்த இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றைத் தடவலாம். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் பொரிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு சேர்த்தால் போதும்; நெடுநேரம் புளிப்பில் கிடந்தால் மீன் தளர்ந்து உதிரும்.

அடுத்தது, மீனை மாவில் ஊறவைக்கும் பழக்கத்தை விட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் மீனின் நீர் மாவில் இறங்குகிறது; மைதாவும் தண்ணீரில் ஊற ஊற இழுவைத் தன்மை பெற்று, பொரித்தபின் மொறுமொறுப்பாக இல்லாமல் தோல் போல நிற்கிறது. அதனால் மசாலா தடவிய துண்டுகளை முதலில் உலர்ந்த அரிசி மாவில் புரட்டி, மிகுதியைத் தட்டிவிடுங்கள். இந்த மெல்லிய பூச்சுதான் மீனையும் கரைசலையும் ஒட்டவைக்கிறது. கரைசலுக்கு இரண்டு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு மைதா, ஒரு சிட்டிகை சமையல் சோடா, உப்பு ஆகியவற்றைக் கலந்து, எண்ணெய் காய்ந்த பிறகே குளிர்ந்த நீரை, கிடைத்தால் குளிர்ந்த சோடாவை, ஊற்றிக் கரைக்க வேண்டும். சிறு கட்டிகள் இருந்தால் பரவாயில்லை. விரலை விட்டு எடுத்தால் மெல்லியதாகப் படிந்து சொட்டுவது சரியான பதம்.

எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். சற்றே அமிழ்ந்து உடனே மேலெழும்பினால் போதும். நான்கைந்து துண்டுகளுக்கு மேல் ஒரே நேரத்தில் போட்டால் சூடு இறங்கி, மாவு எண்ணெய் குடிக்கும். போட்டவுடன் எழும் சடசடப்பு மெல்லத் தணிந்து குமிழிகள் சிறுத்துவரும். விரல் பருமனுள்ள துண்டுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடத்தில் அந்த நிலை வரும், அப்போது எடுத்துவிடலாம். எடுத்த மீனைக் காகிதத்தின் மேல் குவிக்காமலும் ஹாட்பாக்ஸில் மூடாமலும் கம்பித் தட்டில் பரப்புங்கள். மூடிய பாத்திரத்தில் தேங்கும் ஆவிதான் மேல்மாவை நமுக்கவைக்கிறது.

பதில்: தோசைக்கல்

மேலே சொன்னவை பாசாவுக்கு முழுவதும் பொருந்தும். ஆனால் கொடுவா தனக்கென்று ருசி உள்ள மீன். அதைத் தடித்த மாவுக்குள் மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மசாலா தடவிய துண்டுகளை இரண்டு பங்கு அரிசி மாவும் ஒரு பங்கு சன்ன ரவையும் கலந்த கலவையில் அழுத்திப் புரட்டி, பத்து நிமிடம் வைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் தாராளமாக எண்ணெய் விட்டுப் பொரியுங்கள். ஓரம் தானாகக் கல்லை விட்டு எழும்பும் வரை திருப்பக் கூடாது. ரவை நறநறவென்று இருக்கும், மீனின் மணமும் அடங்காது.

பதில்: புளிப்பும் காரமும்

சாஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எண்ணெயில் பொரித்ததற்குப் புளிப்புதான் துணை. தக்காளி சாஸில் இனிப்பு மேலோங்கி நிற்பதால்தான் உங்களுக்கு அது ஒட்டவில்லை.

இங்கிலாந்தில் பொரித்த மீனுக்கு வைக்கும் டார்ட்டர் சாஸ், மயோனைஸில் ஊறுகாய் வெள்ளரியையும் கேப்பர் மொட்டுகளையும் நறுக்கிப் போட்டுச் செய்வது. கேப்பருக்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை. உப்புநீரில் ஊறிய பச்சை மிளகோ, பொடியாக நறுக்கிய வடுமாங்காயோ அந்த இடத்தில் அருமையாக நிற்கும். பிள்ளைகள் சாப்பிடுவதால் பச்சை முட்டை சேர்த்த மயோனைஸைத் தவிர்த்து, கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு, அதை அடிப்படையாகக் கொள்ளுங்கள். ஒரு கிண்ணம் வடித்த தயிருக்கு ஒரு பல் துருவிய பூண்டு, ஒரு மேசைக்கரண்டி வடுமாங்காய், கைப்பிடி புதினா, சிறிது மிளகுத்தூள் போதும். புதினாவைக் கத்தியால் நறுக்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் நீர் விட்டுக் கசக்கும். வடுமாங்காயிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்துவிட்டு உப்பைக் கடைசியில் சேர்க்கலாம்.

பெரியவர்களுக்குச் சிவப்பு சாஸ்: விதை நீக்கிய காய்ந்த மிளகாய் பத்தை வெந்நீரில் ஊறவைத்து, ஐந்து பல் பூண்டு, நான்கு மேசைக்கரண்டி வினிகர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, உப்பு ஆகியவற்றோடு அரைத்துக் கொதிக்கவிட்டு, ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளவரை நீரில் கரைத்து ஊற்றினால் பளபளவென்று கெட்டிப்படும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதில் நச்சுக் கிருமி வளர இடமிருப்பதால் வேண்டவே வேண்டாம்.

கோவை வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முத்துநகர் ஐயா, ஒன்று மட்டும் கேட்கிறேன்: விருந்தினர் வரும் நாளில் முன்கூட்டியே பொரித்து வைக்க வழி உண்டா?

முத்துநகர்

உண்டு, ஆனால் தடித்த துண்டுகளுக்கு மட்டும். முதலில் 160 டிகிரியில் மூன்று நிமிடம், நிறம் ஏறாதபடி பொரித்துக் கம்பித் தட்டில் திறந்தே வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பரிமாறுவதாக இருந்தால் வெளியில் இருக்கலாம். அதற்கு மேலானால் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது. இந்த இடைவெளியில் மீனின் உள்ளீரம் மேல்மாவுக்கு வந்து சேரும். இலை போடும்போது 190 டிகிரியில் ஒரு நிமிடம் மறுபடி பொரித்தால் அந்த ஈரம் ஆவியாகிப் போய், முதல் பொரிப்பைவிட மொறுமொறுப்பாக வரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த துண்டுகளுக்கு இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுத்து, உள்ளே நன்றாகச் சூடேறியிருக்கிறதா என்று ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். நெத்திலி போன்ற சிறு மீனுக்கு இது ஆகாது, உள்ளே வறண்டுவிடும்.