காரைக்குடியின் திரைப்பட, இசைத்தட்டு நினைவுகளைத் தேடுகிறேன்: உதவுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டுக் கலை என்றதும் நகரத்தார் வீடுகளும் ஆத்தங்குடிக் கற்களும் கண்டாங்கிச் சேலையும்தான் நினைவுக்கு வருகின்றன. இசை அறிந்தவர்கள் காரைக்குடி சகோதரர்களின் வீணையையும், இலக்கிய அன்பர்கள் கம்பன் திருநாளையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் ஏவிஎம் நிறுவனர் ஏ. வி. மெய்யப்பன், சென்னைக் கோடம்பாக்கத்துக்குச் செல்லும் முன், காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்புக் கூடம் அமைத்திருந்தார் என்பதும், டி. கே. பட்டம்மாள் பாரதியார் பாடல்களைப் பாட, குமாரி கமலா ஆடிய ‘நாம் இருவர்’ திரைப்படம் 1947இல் அங்கிருந்தே வெளிவந்தது என்பதும் இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியவில்லை. இந்த மறதி எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அக்கூடத்தில் தச்சு வேலை, மின்வேலை, சமையல், தையல் ஆகியவற்றைச் செய்த உள்ளூர் மக்களைப் பற்றியே முதன்மையாக அறிய விரும்புகிறேன். நடிகர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். உங்கள் ஐயாவோ ஆயாவோ, அப்பத்தாவோ அங்கு வேலை பார்த்ததாகவோ படப்பிடிப்பைப் பார்த்ததாகவோ சொல்லியிருந்தால், அதை அவர்கள் சொன்னபடியே இங்கு எழுதுங்கள். பரணிலோ பெட்டகத்திலோ பழைய பாட்டுப் புத்தகம், திரைப்பட நோட்டீஸ், கிராமபோன் இசைத்தட்டு, ஒளிப்படம் ஏதேனும் இருப்பின், அதைத் துடைக்கவோ ஒட்டவோ முயலாமல், பகல் வெளிச்சத்தில் இருபுறமும் படமெடுத்துப் பதிவிட வேண்டுகிறேன். பொருள் உங்களிடமே இருக்கட்டும். ரஸ்தாவில் கூடம் இருந்த இடத்தின் எல்லைகளை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் இருந்தால், அவர்களின் வசதிப்படி நேரில் வந்து சந்திப்பேன்.