டோக்கியோவில் கார் படம் எடுக்கப் போகிறவர் டைகோகு போகலாமா?

கோவை டர்போ:
நவம்பரில் டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் போகிறேன். கோயில், கோட்டை, பூங்கா எல்லாம் நேரம் மிச்சம் இருந்தால்தான். நான் போவது காருக்காகவும் கேமராவுக்காகவும். திட்டத்தில் முதலில் எழுதிவைத்தது வெள்ளிக்கிழமை இரவு டைகோகு பார்க்கிங் ஏரியா. தெரியாதவர்களுக்கு: யோகோஹாமா துறைமுகத்தில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவில், விரைவுச்சாலைப் பாலங்கள் சுருள் சுருளாக இறங்கும் இடத்துக்கு நடுவே இருக்கும் வாகன நிறுத்தம் அது. இருட்டினால் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்எக்ஸ்-7, சுப்ரா என்று சின்ன வயதில் சுவரில் ஒட்டிவைத்த வண்டிகளெல்லாம் வந்து நிற்கும். டிக்கெட் கிடையாது. போய்வந்தவர்கள் யோசனை சொல்லுங்கள்.

தெருமுனை லென்ஸ்:
சகோ, டைகோகுவைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். லாரி ஓட்டுகிறவர்கள் இறங்கிக் கால் நீட்டி, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பக் கட்டிய இடம் அது. இப்போது வேன் வைத்துச் சுற்றுலாக் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். வார இறுதி இரவுகளில் போலீஸ் ஒலிபெருக்கியில் சொல்லி எல்லோரையும் கிளப்பிவிட்டு மூடுவது அடிக்கடி நடக்கிறது. உள்ளே போனாலும், இணையத்தில் கொட்டிக்கிடக்கும் அதே படத்தைத்தான் நீங்களும் எடுப்பீர்கள்.

அந்த ஊர்க் கார் வாழ்க்கையைப் பகலில் சந்துகளில் பாருங்கள். 1962-இல் வந்த சட்டப்படி, நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்று வாங்கினால்தான் டோக்கியோவில் சாதாரணக் காரைப் பதிவு செய்ய முடியும். தெருவில் விட்டுவிட்டுத் தூங்கப் போக முடியாது. அதனால் ஒவ்வொரு வீடும் ஒரு தீர்வு கண்டுபிடித்திருக்கிறது. நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் இது: இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு இடையில் ஒரு வெள்ளை கேய் வேன் (கேய் என்றால் ஜப்பானின் குட்டி வண்டி வகை). பக்கக் கண்ணாடிகள் மடங்கியிருக்கின்றன, ஓட்டுநர் பக்கம் மட்டும் கதவு திறக்கிற அளவுக்கு இடம், மறுபக்கம் சுவரோடு சுவராக ரப்பர் பட்டை, பின்னால் பூந்தொட்டிகள். 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சிசி என்று சட்டம் போட்ட வரம்புக்குள் ஒரு குடும்பத்தின் மொத்தத் தேவையையும் அடைத்திருக்கிறார்கள். ஜிடி-ஆரைவிட எனக்கு இதுதான் பெரிய பொறியியல்.

கோவை டர்போ:
கேய் கார் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஜிடி-ஆரை அதோடு ஒப்பிட்டு மட்டம் தட்டுவதை ஏற்க முடியாது. ஜிடி-ஆரின் ஆர்34 தலைமுறை வந்தது 1999-இல், நின்றது 2002-இல். 25 வருடம் தாண்டிய காரை அமெரிக்காவில் இறக்குமதி செய்துகொள்ளலாம் என்பதால், 2024-இலிருந்து ஆர்34-க்கும் அந்தக் கதவு திறந்துவிட்டது. நல்ல வண்டிகள் ஒவ்வொன்றாக ஜப்பானை விட்டுப் போகின்றன. நமக்கோ மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவரப் பொதுவாகச் சட்டம் விடாது. அதன் சொந்த ஊரில், சொந்தச் சாலையில், ஓட்டுகிறவர் கையில் பார்க்க வேண்டுமென்றால் இப்போதே போக வேண்டும். அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி நிறுத்திய பிறகு பார்த்து என்ன பயன்?

தெருமுனை லென்ஸ்:
ஒவ்வொருவரும் "இப்போதே போக வேண்டும்" என்று கிளம்பியதால்தான் இடங்கள் மூடுகின்றன. 2024-இல் ஃபுஜிகாவாகுச்சிகோ என்ற ஊரில் ஒரு கடைக்குப் பின்னால் ஃபுஜி மலை தெரிகிறது என்று சாலையை மறித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். நகராட்சி 2.5 மீட்டர் உயரத்தில் 20 மீட்டர் நீளக் கருப்பு வலை கட்டியது. அந்த வலையிலும் ஓட்டை போட்டுப் படம் எடுத்தார்கள்! அதே வருடம் கியோட்டோவின் கியோன் பகுதியில், தனியார் சந்துகளுக்குள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். டைகோகுவும் அந்த வழியில்தான் போகிறது.

ஹாமா தமிழன்:
யோகோஹாமாவில்தான் வேலை பார்க்கிறேன், குறுக்கே வருகிறேன். லென்ஸ் அண்ணா சொல்லும் கூட்டம் உண்மை. ஆனால் அது வெள்ளி, சனி இரவுகளின் கதை. ஞாயிறு காலை போய்ப் பாருங்கள், வேறு உலகம். வயதானவர்கள் பழைய வண்டிகளைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு பெரியவர் 1970-களின் ஃபேர்லேடி இசட் ஒன்றின் பானட்டைத் திறந்துவைத்துவிட்டு, பக்கத்தில் நின்று கேன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நம்பர் பிளேட்டுக்கு அவரே ஒரு கருப்பு மூடி மாட்டியிருந்தார். கேமராவைத் தூக்கிக் காட்டி லேசாகக் குனிந்தேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டு, வெளிச்சம் என்ஜின்மேல் விழட்டும் என்று தானே ஓரமாக நகர்ந்து நின்றார். கேட்டு எடுத்தால் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. மூடி இல்லாத வண்டி என்றால், பிளேட்டை மறைத்துவிட்டுத்தான் படத்தை இணையத்தில் போட வேண்டும். அங்குள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

டர்போ, இன்னொன்று. நடந்து போக வழி கிடையாது, விரைவுச்சாலை வழியாக வண்டியில் மட்டும்தான் போக முடியும். டாக்ஸியில் போய் இறங்கி அதை அனுப்பிவிட்டால் திரும்பி வருவது பெரும்பாடு. நீங்களே ஓட்டுங்கள். 1949 ஜெனிவா உடன்படிக்கைப்படி இந்தியாவில் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இங்கே செல்லும். நம்மைப்போல இடதுபக்கம்தான், பழகிவிடும்.

ரேவதி_சாலைப்பித்து:
காரைப் பற்றியே பேசுகிறீர்கள், அது ஓடும் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டோக்கியோவின் ஷுட்டோ விரைவுச்சாலையின் முதல் துண்டு 1962-இல் திறந்தது. 1964 ஒலிம்பிக்குக்குள் முடிக்க வேண்டும், நகருக்குள் நிலம் வாங்க நேரமில்லை. அதனால் ஆறுகளுக்கும் கால்வாய்களுக்கும் மேலேயே தூண் நட்டுக் கொண்டுபோனார்கள். 1911-இல் கட்டிய நிஹோன்பாஷி கல்பாலத்தின் தலைக்கு மேலேயும் சாலை வந்துவிட்டது. அங்கே கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பாலத்து விளக்குத் தூணில் இறக்கையோடு உட்கார்ந்திருக்கும் கிரின் என்ற புராண விலங்கின் வெண்கலச் சிலைக்கு மேலே வானமே இல்லை, சாலையின் அடிவயிறுதான். மேலே வண்டி போகும்போது இரும்பு மூட்டு "தடக் தடக்" என்று சத்தம் போடும். இந்தப் பகுதியைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் வேலை நடக்கிறது, 2040-க்குள் மேலே இருப்பதை அகற்றிவிடுவதாகத் திட்டம். மறைந்துபோகப் போவதைப் படம் எடுக்க வேண்டும் என்றால் டர்போ முதலில் இங்கேதான் வர வேண்டும்.

தெருமுனை லென்ஸ்:
ரேவதி, முழுசாக ஒத்துக்கொள்கிறேன். அங்கிருந்து கின்சாவுக்கு நடந்தே போகலாம். வழியில் கார் நிறுத்தும் கோபுரம் ஏதாவது தட்டுப்படும். சுழலும் தட்டில் காரைத் திருப்பி, லிஃப்ட்டில் மேலே அனுப்புவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

கோவை டர்போ:
நிஹோன்பாஷி என் பட்டியலில் இல்லை, சேர்த்துவிட்டேன். ஆனால் டைகோகுவை விடமாட்டேன் லென்ஸ். சாலையில் குறுக்கே நின்று மலையைப் படம் எடுத்தவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள். வருடக்கணக்கில் உழைத்து மெருகேற்றிய வண்டியை ஒருவர் அங்கே கொண்டுவருவது, நாலு பேர் சுற்றிவந்து பார்க்கட்டும் என்றுதான். பார்க்காமல் போவதுதான் மரியாதைக் குறைவு. வெள்ளி இரவுக்குப் பதில் ஞாயிறு காலை போகிறேன்.

தெருமுனை லென்ஸ்:
ஞாயிறு காலை, சொந்தமாக ஓட்டிக்கொண்டு, கேட்டுவிட்டுப் படம் என்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. நீங்கள் ஒழுங்காக நடந்துகொள்வீர்கள், ஆனால் உங்கள் படத்தைப் பார்த்துக் கிளம்பும் அடுத்த ஐம்பது பேருக்கு யார் சொல்வது? இடத்தின் பெயரைப் போடாமல் படத்தை வெளியிட முடியுமா?

கோவை டர்போ:
அந்தச் சுருள் பாலம் தெரிந்தாலே எந்த இடம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயரை மறைப்பதைவிட, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று படத்தோடு சேர்த்து எழுதுகிறேன். ஹாமா அண்ணா, வாடகைக் காருக்குச் சுங்க அட்டை தனியாகக் கேட்டு வாங்க வேண்டுமா?

ஹாமா தமிழன்:
ஆமாம், முன்பதிவு செய்யும்போதே இடிசி கார்டு வேண்டும் என்று கேளுங்கள். நிறைய நுழைவாயில்களில் இப்போது காசு வாங்க ஆளே கிடையாது.