பத்மினி ஃப்ளோர் மொத்தமா துரு: மேல தகரம் வச்சு அடிக்கலாமா, வெட்டி மாத்தணுமா?

நாகை_பத்மினி:
வணக்கம் மக்களே. அப்பாவோட 1984 மாடல் பிரீமியர் பத்மினி ஒண்ணு வீட்டுல இருக்கு. அவர் தவறி நாலு வருஷம் ஆச்சு, அன்னைலேருந்து கீத்துக் கொட்டகைல தார்ப்பாய் போத்தி நிக்குது, நான் லீவுல வர்றப்ப ஸ்டார்ட் பண்ணி வச்சதோட சரி. போன வாரம் டிரைவர் சைடு ரப்பர் மேட்ட தூக்குனா அடில இருந்த சணல் மெத்தை ஊறிப்போன வைக்கோல் மாதிரி கையோட வந்துச்சு, ஸ்க்ரூ டிரைவர வச்சு லேசா குத்துனேன், கைப்பிடி வரைக்கும் இறங்கிருச்சு. இப்ப கிளட்ச் பெடலுக்கு கீழ ஓட்டை வழியா தரை தெரியுது, அடில கோழி ஒண்ணு படுத்திருந்தது கூட தெரிஞ்சுது.

ரெண்டு டிங்கர்கிட்ட காட்டுனேன். ஒருத்தர், "மேல ஒரு தகரத்த வச்சு ரிவெட் அடிச்சு தார் பூசிரலாம் தம்பி, ஒரே நாள் வேலை, ஆறாயிரம் குடுங்க"ங்கறார். இன்னொருத்தர் ரெண்டு பக்கமும் வெட்டிப் புதுசா போடணும், 45 ஆயிரம் ஆகும், இருபது நாள் வண்டி இங்கயே நிக்கணும்ங்கறார். அம்மா முதல் ஆள் சொல்றதே போதும்ங்கறாங்க. பாடி மத்தபடி நல்லா இருக்குற மாதிரிதான் தெரியுது. இதுக்கு ரெடிமேட் ஃப்ளோர் எங்கயாவது கிடைக்குமா, என்ன கேஜ் தகரம் போடணும், கொஞ்சம் சொல்லுங்க.

டிங்கர்_அண்ணே:
தம்பி அந்த ஆறாயிரம் ரூபா வேலைய மட்டும் செய்யாதீங்க. துருப்பிடிச்ச தகரத்து மேல நல்ல தகரத்த வச்சா ரெண்டுக்கும் நடுவுல தண்ணி போய் உக்காந்துக்கும், வெளிய வர வழி இருக்காது, உங்க ஊர் உப்புக்காத்துக்கு ரெண்டு மழை தாங்குனா பெரிய விஷயம், அப்புறம் புதுத் தகரமும் சேந்து போகும். அதுவும் தார் பூசிட்டா வெளிய பாக்க ஜம்முனு இருக்கும், உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது.

இன்னொண்ணு, பத்மினிக்கு தனியா சேஸிஸ் ஃப்ரேம் கிடையாது. ஃப்ளோர், கதவுக்கு கீழ ஓடுற சில், நடு டனல், தூண், கூரை எல்லாம் சேந்துதான் வண்டியே நிக்குது. அதனால வெட்டித்தான் மாத்தணும்னாலும் கண்டபடி வெட்டக்கூடாது. நான் தொழில் கத்துக்கிட்டப்ப இதே ஃபியட் (பத்மினியத்தான் அப்படிச் சொல்வோம்) ஒண்ணுல, நடுவுல ரெண்டு ஜாக்கி குடுத்து தூக்கி வச்சுட்டு, ஃப்ளோரையும் சில்லையும் ஒரே நேரத்துல அறுத்துட்டேன், சாயங்காலம் பாத்தா கதவு சாத்த மாட்டேங்குது. மேல கேப் அரை விரல், கீழ ஒட்டிக்கிட்டு நிக்குது. வண்டி நடுவுல முதுகு வளைஞ்சிருச்சு. மேஸ்திரி திட்டுனது இருக்கட்டும், அத நிமித்த பத்து நாள் ஆச்சு.

அதனால கத்தரி வைக்கறதுக்கு முன்னாடி வண்டிய சமதளத்துல நாலு வீல் பக்கமும் ஸ்டாண்டு குடுத்து நிறுத்தணும், கதவு வாசல்ல முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் குறுக்க ஒரு இன்ச் சதுர பைப்ப டாக் அடிச்சு, அதாவது அங்கங்க பொட்டு பொட்டா வெல்டு வச்சு பூட்டணும், வண்டிக்கு உள்ள இடதுக்கும் வலதுக்கும் ஒரு பைப் போடணும். அப்புறம் ஒரு பக்கம் மட்டும் வெட்டி, அத முடிச்சு, கதவ மாட்டி சாத்திப் பாத்துட்டு அடுத்த பக்கம். 45 ஆயிரம் சொன்னவர்கிட்ட "பிரேஸ் (இந்த முட்டு பைப்) போடுவீங்களா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, அதுக்கு அவர் முழிச்சா வேற ஆள பாருங்க.

சில்ல சுத்தியால தட்டிப் பாத்தீங்களா? டங்குன்னா நல்லது, சொத்துனு கேட்டா உள்ள மண்ணும் துருவும்தான்.

ஹெரால்டு_காரன்:
எங்கிட்ட இருக்குறது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி. அதுக்கு சேஸிஸ் தனியா இருக்குறதால ஃப்ளோர் போனாலும் வண்டி நிக்கும், அந்த விஷயத்துல நாங்க குடுத்து வச்சவங்க, சேஸிஸே துருப்பிடிக்கும்ங்கறது வேற கதை 😄

நான் சொல்ல வந்தது, தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தீங்களா? கொட்டகைல நின்ன வண்டிக்கு கீழேருந்து தண்ணி வராது. மேட்டுக்கு அடில ஊறியிருக்குன்னா மேலேருந்துதான் ஒழுகியிருக்கு. கண்ணாடி ரப்பர், இல்லைன்னா வைப்பர் பக்கம் இருக்குற காத்து வழி, இல்லைன்னா இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்குற ஃபயர்வால் தகரத்துல ஒயர் போற ஓட்டை. அத அடைக்காம 45 ஆயிரம் போட்டாலும் வேஸ்ட். நான் அந்தத் தப்பப் பண்ணுனவன்.

வேலை_வெட்டி_இல்லாதவன்:
அந்தக் காசுக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு மாருதி 800 வாங்கிட்டு நிம்மதியா போங்க ப்ரோ.

ஹெரால்டு_காரன்:
அது அவங்க அப்பா வண்டி ப்ரோ.

வெல்டிங்_செல்வா:
நான் என் வண்டிக்கு நானே பண்ணுனேன், அனுபவத்துல சொல்றேன். ரெடிமேட் ஃப்ளோர தேடி அலையாதீங்க, கம்பெனி இந்த வண்டி செய்யறத நிறுத்தி 20 வருஷத்துக்கு மேல ஆகுது. பம்பாய்ல பழைய டாக்ஸிலேருந்து வெட்டி எடுக்கலாம்னு யாராவது சொல்வாங்க, அங்க கடைசி பத்மினி டாக்ஸியே 2023 அக்டோபர்ல நின்னுருச்சு, அதுவும் கடலோர ஊர் வண்டி, உங்க ஃப்ளோர விட மோசமா இருக்கும்.

18 கேஜ் சிஆர் ஷீட் (பூச்சு இல்லாத வெறும் இரும்புத் தகரம்) வாங்குங்க, 1.2 மில்லி இருக்கும். ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசுன தகரம்) துருப்பிடிக்காதுனு கடைக்காரர் சொல்வார், வேணாம், அத வெல்டு பண்றப்ப துத்தநாகம் எரிஞ்சு வெள்ளைப் புகை வரும், இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் கேரண்டி. பழைய ஃப்ளோர்ல வரி வரியா மேடு இருக்குல்ல, அது அழகுக்கு இல்ல, அதுதான் தகரத்துக்கு பலம். வெறும் தட்டைத் தகரம் போட்டீங்கன்னா கால் வைக்கும்போதெல்லாம் எண்ணெய் டின் மாதிரி டொக்கு டொக்குனு சத்தம் வரும். ரெண்டு ஆங்கிள இடைவெளி விட்டு வச்சு, மேல தகரம், அதுக்கு மேல அரை இன்ச் ராடு வச்சு அடிச்சா அந்த வரி வந்துரும், நான் அப்படித்தான் பண்ணுனேன், கொஞ்சம் கோணல்தான், மேட்டுக்கு அடில யார் பாக்கப் போறா.

கேஸ் வெல்டிங் வேணாம், தகரம் சூடாகி அலை அலையா நெளியும். சிஓ2 வெல்டிங்தான். அதுலயும் ஒரே இழுப்பா ஓட்டாம இங்க ஒரு இன்ச், அந்தக் கோடில ஒரு இன்ச்சுனு மாத்தி மாத்தி அடிக்கச் சொல்லுங்க. உக்கார்ற சீட்டுக்கு அடில இருக்குற இரும்புக் கட்டை மேல புதுத் தகரம் படியுற இடத்துல, தகரத்துல 8 மில்லி ஓட்டை போட்டு அந்த ஓட்டைய வெல்டால நிரப்பணும். துரு இல்லாத நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டணும், மனசு கேக்காதுதான், வெட்டுங்க.

வெல்டு வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி ஒயர கழட்டிருங்க, அடில ஓடுற பெட்ரோல் பைப்பையும் பிரேக் பைப்பையும் கழட்டி ஒதுக்கணும், சீட்டு மேட்டு எல்லாம் வெளிய. எனக்கு பழைய தார் கோட்டிங் கீழ குபுக்குனு பத்திக்கிச்சு, பக்கத்துல நனைச்ச கோணிச் சாக்கு இருந்ததால தப்பிச்சேன். முடிஞ்சதும் ப்ரைமர், ஜாயிண்ட்ல சீலர், அப்புறம் பெயிண்ட், அதுக்கு மேலதான் அண்டர்கோட்டிங்.

ஆர்சி_மாமா:
ஒண்ணே ஒண்ணு. சேஸிஸ் நம்பர் எங்க பன்ச் பண்ணியிருக்குன்னு ஆர்சிய கைல வச்சுக்கிட்டு முதல்ல தேடிப் பாத்துருங்க. அந்த இடத்துல கிரைண்டர், வெல்டு, பட்டி எதுவும் படக்கூடாது. பழைய வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரினிவல் இருக்கு, அங்க பென்சில் தேச்சு நம்பர் எடுக்கச் சொல்லுவாங்க, நம்பர் தெளிவா விழலைனா அலைச்சல்தான். விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அதுக்கு 50 வருஷம் தாண்டணும், உங்க வண்டிக்கு இன்னும் வயசு பத்தாது.

நாகை_பத்மினி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு காலைல தம்பிய உள்ள உக்கார வச்சு வெளிய ஹோஸ்ல தண்ணி அடிச்சேன். ரெண்டு நிமிஷத்துல "அண்ணே, கால் நனையுது"ன்னு கத்துறான். முன் கண்ணாடி ரப்பர், வலது கீழ் மூலைல வெடிச்சிருக்கு, அங்கேருந்து டேஷ்போர்டுக்கு பின்னால வழிஞ்சு நேரா கிளட்ச் பெடலுக்கு கீழ. கொட்டகை கீத்தும் சரியா அதுக்கு நேர் மேலதான் பிஞ்சிருக்கு.

சில்ல தட்டிப் பாத்தேன் அண்ணே, இடது பக்கம் டங்குனு கேக்குது, வலது பக்கம் பின் கதவு வரைக்கும் சொத்துதான். 45 ஆயிரக்காரருக்கு போன் போட்டு பிரேஸ் பத்திக் கேட்டேன், "பைப் நானே வச்சிருக்கேன் தம்பி, கதவ கழட்டாம கொண்டு வாங்க, நீங்களா ஒண்ணும் வெட்டி வைக்காதீங்க"ன்னார். சில்லுக்கு தனியா எவ்வளவுன்னு வண்டிய பாத்துட்டுத்தான் சொல்வாராம்.

டிங்கர்_அண்ணே:
அவர்கிட்டயே குடுங்க. சில்ல மூடுறதுக்கு முன்னாடி உள்பக்கம் ப்ரைமர் அடிச்சாரான்னு போட்டோ கேளுங்க, மூடுனப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. கீழ தண்ணி வடியுற ஓட்டைய பெயிண்ட்ல அடைச்சிரப் போறாங்க, அதையும் சொல்லி வைங்க. கண்ணாடி ரப்பர் சென்னை புதுப்பேட்டைல, பழைய வண்டி சாமான் விக்கிற கடைங்கள்ல கிடைக்கும், பழைய ரப்பர்ல ஒரு துண்டு வெட்டி கையோட எடுத்துட்டுப் போங்க, சும்மா பத்மினி ரப்பர்னு கேட்டா எதையாவது தலைல கட்டிருவாங்க.