ஒரே அறையில் நாலு பேர், எல்லா மைக்கிலும் டிரம்ஸ்: எந்த மைக் வாங்குவது?

நாலுபேர்_ஓர்அறை:

வணக்கம். நான் அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன். கூட ஒரு வயலின், ஒரு பேஸ் கிட்டார், ஒரு சின்ன டிரம் கிட். தனித்தனியாக டிராக் எடுத்துப் பார்த்தாயிற்று, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் பாட்டில் உயிரே இல்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து வாசித்தால்தான் எங்களுக்கு வருகிறது. அதனால் எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில்தான் பதிவு என்று முடிவு செய்துவிட்டோம்.

அறை சுமார் 4 மீட்டருக்கு 5 மீட்டர், சுவரில் பெரிதாக ஒன்றும் இல்லை. சிக்கல் என்னவென்றால், குரல் மைக்கை மட்டும் தனியாக ஓடவிட்டால் முதலில் சிம்பல்தான் கேட்கிறது, அப்புறம்தான் நான். குரலுக்குக் கொஞ்சம் கம்ப்ரஷன் (உரத்த சத்தத்தை அடக்கி மெல்லியதைத் தூக்கிவிடுவது) போட்டதும் டிரம்ஸ் மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வயலின் மைக் அதைவிட மோசம்.

கையில் இருப்பவை: ஒரு பெரிய டயஃப்ரம் (சத்தத்தில் அதிரும் சவ்வு) கண்டென்சர் (கார்டியாய்ட் மட்டும், அதாவது முன்னால் வருவதை அதிகம் கேட்கும் வகை), இரண்டு எஸ்எம்57 (டைனமிக், இதுவும் கார்டியாய்ட்), ஒரு ஜோடி பென்சில் கண்டென்சர். கண்டென்சர் ஊரில் உள்ள சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் எடுக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் கண்டென்சரை விற்றுவிட்டு எல்லாவற்றுக்கும் டைனமிக் வாங்கிவிடலாமா? சூப்பர்கார்டியாய்ட், ஹைப்பர்கார்டியாய்ட் என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே, அதில் எது ப்ளீடை, அதாவது ஒரு மைக்கில் மற்ற வாத்தியங்களின் சத்தம் வந்து விழுவதைக் குறைக்கும்?

டைனமிக்_கட்சி:

விற்றுவிடுங்கள். குரலுக்கு பீட்டா 58ஏ, கிட்டாருக்கு இருக்கிற எஸ்எம்57, முடிந்தது கதை. மேடையில் இத்தனை காலமாக இப்படித்தான் ஓடுகிறது. கண்டென்சர் தனி அறையில் பாடுகிறவர்களுக்கு.

பழைய_மிக்ஸர்:

மேலே சொன்ன மைக் நல்ல மைக்தான், காரணம்தான் தப்பு. டைனமிக்குக்கு தூரத்தை அளக்கத் தெரியாது. உங்கள் வாயிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி டைனமிக்கை வைக்கிறீர்கள், கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைக்கிறீர்கள், அப்புறம் கண்டென்சர்தான் அறையை இழுக்கிறது என்கிறீர்கள். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, குரல் ஒரே அளவில் வரும்படி கெய்ன் (மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் அளவு) வைத்துக் கேளுங்கள். இரண்டும் கார்டியாய்டாக இருந்தால் டிரம்ஸ் கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும். ஒரு வித்தியாசம் உண்டு: கண்டென்சரில் மேல் அலைவரிசை அதிகம் என்பதால் வந்து விழும் சிம்பல் பளிச்சென்று தெரியும், டைனமிக்கில் அதே சிம்பல் கொஞ்சம் மங்கியிருக்கும். காதுக்கு அது குறைவான ப்ளீட் மாதிரித் தோன்றும். அதுவும் ஒரு பலன்தான், இல்லையென்று சொல்லவில்லை.

உண்மையில் ப்ளீடை முடிவு செய்வது மூன்று: மைக் வாத்தியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அதன் செவிட்டுப் பக்கம் எங்கே பார்க்கிறது, ஓரத்திலிருந்து உள்ளே வரும் சத்தம் எந்த நிறத்தில் வருகிறது. மூன்றாவதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

தூரத்தை முதலில் சொல்கிறேன். தூரம் இரட்டிப்பானால் நேரடிச் சத்தம் 6 டெசிபல் குறையும். கிட்டார் மைக் 20 சென்டிமீட்டரில், டிரம்ஸ் 2 மீட்டரில் என்றால் தூரத்தால் மட்டுமே உங்களுக்கு 20 டெசிபல் லாபம். மைக்கை 40 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் அதில் 6 போய்விடும். இந்த அளவு லாபத்தை எந்த மைக்கும் காசுக்குத் தராது. ஆனால் சும்மா நெருங்கவும் முடியாது, திசை பார்க்கும் மைக் எல்லாமே நெருங்க நெருங்க அடித்தொனியை ஊத வைக்கும், கிட்டாரில் ஒலித்துளைக்கு எதிரே என்றால் கேட்கவே வேண்டாம். எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 மாதிரி சில மைக்குகள் இதைக் குறைப்பதற்காகவே செய்யப்பட்டவை.

இரண்டாவது, செவிட்டுப் பக்கம். கார்டியாய்ட் நேர் பின்னால், அதாவது 180 டிகிரியில்தான் செவிடு. பக்கவாட்டில் 90 டிகிரியில் வெறும் 6 டெசிபல்தான் குறையும், பலர் இதை மறந்துவிட்டு டிரம்ஸைப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். சூப்பர்கார்டியாய்டின் செவிட்டு இடம் சுமார் 126 டிகிரி, ஹைப்பர்கார்டியாய்டுக்கு சுமார் 110. இந்த இரண்டுக்கும் நேர் பின்னால் காது கேட்கும், ஹைப்பருக்கு அங்கே 6 டெசிபல்தான் குறைவு. ஆக, எஸ்எம்57 வைத்துப் பழகியவர் அதே ஸ்டாண்டில் சூப்பர்கார்டியாய்டான பீட்டா 58ஏவை மாட்டி, டிரம்ஸை நேர் பின்னாலேயே விட்டுவைத்தால் ப்ளீட் கூடும். புது மைக் வாங்கியும் பிரயோஜனம் இல்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் ஸ்டாண்டைத் திருப்பாதவர்கள்.

இன்னொன்று, எல்லாத் திசையிலிருந்தும் சுவரில் பட்டு வரும் சத்தத்தைப் பொறுத்தவரை, எல்லாப் பக்கமும் கேட்கும் ஓம்னியைவிட கார்டியாய்ட் சுமார் 5 டெசிபல் குறைவாக எடுக்கும், ஹைப்பர் 6. இரண்டுக்கும் நடுவே ஒரு டெசிபல் சொச்சம்தான். அதனால் எந்த பேட்டர்ன் (மைக் எந்தத் திசையில் எவ்வளவு கேட்கும் என்ற வடிவம்) என்று பட்டியல் போட்டு வாங்குவதில் பெரிய லாபம் இல்லை. அந்த பேட்டர்னின் செவிட்டு இடத்தில் டிரம்ஸ் உட்காருமா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவதுக்கு வருகிறேன். உங்கள் பெரிய டயஃப்ரம் கண்டென்சர் முன்னால் அழகாகக் கேட்கும். பக்கவாட்டில் வரும் சத்தத்தை இந்த வகை மைக் பெரும்பாலும் சீராக எடுக்காது, அடித்தொனியில் கிட்டத்தட்ட ஓம்னி போலவும் மேலே குறுகிப்போயும் நடந்துகொள்ளும். அதனால் அதில் விழும் ஸ்னேர் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல் இருக்கும். சின்ன டயஃப்ரம் பென்சில் மைக்குகள் இதில் பொதுவாக ஒழுங்கானவை. ப்ளீட் அதே அளவு வந்தாலும் டிரம்ஸ் டிரம்ஸாகவே கேட்கும், மிக்ஸில் ஒட்டிக்கொள்ளும். ஒரே அறைப் பதிவில் ப்ளீட் எப்படியும் வரும், வருவது நல்ல ஒலியாக வரட்டும் என்பதுதான் என் கட்சி.

எட்டுவடிவம்:

பழைய_மிக்ஸர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவருக்கு கார்டியாய்ட் குடும்பத்தில் தீர்வு தேடினால் தலைவலிதான். வாய்க்கும் கிட்டாருக்கும் நடுவே இருப்பது அரை மீட்டர். இரண்டு மைக்கும் ஒன்றின் சத்தத்தை மற்றது எடுத்தே தீரும்.

இங்கே எட்டு வடிவ மைக் இரண்டு வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவு கேட்கும், அதற்குச் செங்குத்தான தளம் முழுவதும் செவிடு. தளம் முழுவதும் என்பதைக் கவனியுங்கள், இடம் வலம் மட்டுமல்ல, மேலும் கீழும்கூட. குரல் மைக்கைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து அதன் செவிட்டுத் தளம் கிட்டாரைப் பார்க்கும்படி வையுங்கள். கிட்டார் மைக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து அதன் செவிட்டுத் தளம் வாயைப் பார்க்கும்படி வையுங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இன்னொருவர் மைக்கை மெதுவாகத் திருப்பினால் குரல் சட்டென்று பின்வாங்கும் இடம் தெரியும், அங்கே ஸ்டாண்டை இறுக்குங்கள்.

இப்போது டிரம்ஸ். இரண்டு மைக்கும் உங்களுக்கு நேர் எதிரே, மேலும் கீழுமாகத்தானே சாய்ந்திருக்கின்றன? அப்படியென்றால் மைக்குகளின் நேர் இடப்பக்கமும் நேர் வலப்பக்கமும் இரண்டுக்குமே செவிட்டுத் தளத்தில் வரும். டிரம்மரை எதிரே வைக்காதீர்கள், அங்கே வைத்தால் மைக்கின் பின்பக்கம் அவரை முழுசாகக் கேட்கும். மைக்குகளின் நேர் பக்கவாட்டில் உட்கார வையுங்கள், கழுத்தைத் திருப்பினால் முகம் தெரியும். எதிர்ச் சுவரில் மட்டும் தடிமனாக ஏதாவது தொங்கவிடுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் வழியே அறை உள்ளே வரும்.

ரிப்பன் மைக்குகள் (உள்ளே மெல்லிய உலோகப் பட்டை அதிரும் வகை) இயல்பாகவே எட்டு வடிவம், அதன் செவிட்டுத் தளம் ஆழமானது, அலைவரிசை மாறினாலும் பெரிதாக மாறாது. ராயர் ஆர்-121, பேயர்டைனமிக் எம் 130 இந்த வகை. எம் 160யும் ரிப்பன்தான், ஆனால் ஹைப்பர்கார்டியாய்ட், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பேட்டர்ன் மாற்றக்கூடிய கண்டென்சரும் ஆகும், ஏகேஜி சி414 எக்ஸ்எல்எஸ்ஸில் எட்டு வடிவம் உட்பட 9 பேட்டர்ன் உண்டு.

டைனமிக்_கட்சி:

சரி, சரி, தூரம்தான் விஷயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குரல் மைக்கில் உதடு படும்படி பாடுகிறவருக்கு இவ்வளவு வடிவியல் தேவையா?

எட்டுவடிவம்:

உதடு படப் பாடினால் தேவையில்லை. இவர் பாட்டு அப்படிப்பட்டதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். ரிப்பனில் அப்படிப் பாடவும் கூடாது, 'ப' வரும் இடத்தில் எல்லாம் ரிப்பன் படபடக்கும்.

நாலுபேர்_ஓர்அறை:

மிகவும் நன்றி, பாதி புரிந்தது, மீதியை ஸ்டாண்டைத் திருப்பிப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். மெதுவாகப் பாடுகிற வகை நான், உதடு படாது. வயலினுக்கு என்ன செய்வது? அவர் மைக்கில்தான் டிரம்ஸ் அதிகம். மைக்குகளுக்கு நடுவே மூன்று மடங்கு தூரம் வேண்டும் என்று ஒரு விதி படித்தேன், அதைப் பின்பற்றினால் போதுமா? டிரம்ஸைச் சுற்றித் தடுப்பு வைப்பதும் யோசனையில் இருக்கிறது.

வில்லும்_நரம்பும்:

வயலின்காரன் பேசுகிறேன். எங்கள் வாத்தியம் சத்தம் குறைவு, அதனால் கெய்னை ஏற்றுகிறீர்கள், அதோடு டிரம்ஸும் ஏறுகிறது. வாத்தியத்திலேயே மாட்டும் கிளிப் மைக்தான் வழி. டிபிஏ 4099 சூப்பர்கார்டியாய்ட், விலாவில் கவ்விக்கொண்டு பாலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். வாசிப்பவர் ஆடினாலும் தூரம் மாறாது என்பது பெரிய நிம்மதி. கிட்டத்தில் இருப்பதால் வில் உரசும் சத்தம் கொஞ்சம் தூக்கலாக வரும், மேலே லேசாக வெட்டிக்கொள்ளலாம். இப்போதைக்கு உங்கள் பென்சில் மைக்கில் ஒன்றை மேலிருந்து, முதுகு டிரம்ஸைப் பார்க்க வைத்துப் பாருங்கள். ஆனால் வயலின்காரர் டிரம்ஸுக்கு முதுகைக் காட்டி உட்காரக் கூடாது. அப்படி உட்கார்ந்தால் அவரைப் பார்க்கும் மைக் அவர் தோளுக்கு மேலே டிரம்ஸையும் சேர்த்துப் பார்க்கும். பாடுகிறவருக்கும் இதே கதைதான், மைக்கின் முகம் உங்கள் பின்னால் உள்ள எல்லாவற்றையும் பார்க்கிறது.

பழைய_மிக்ஸர்:

மூன்று மடங்கு விதியைப் பற்றி: மைக் வாத்தியத்திலிருந்து 30 சென்டிமீட்டர் என்றால் அடுத்த மைக் 90 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும் என்பது. அப்படி வைத்தால் பக்கத்து மைக்கில் அந்த வாத்தியம் 9, 10 டெசிபல் குறைவாக விழும், இரண்டையும் கூட்டும்போது ஒலி குழாய்க்குள் இருந்து வருவது போல் ஆகாது. ஆனால் இரண்டு வாத்தியமும் ஒரே பலத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. வயலினும் டிரம்ஸும் ஒரே பலமா?

தடுப்பு சிம்பலுக்கும் ஸ்னேருக்கும் உதவும். கிக் டிரம்முக்கு உதவாது, 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 3.4 மீட்டர், உங்கள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆனால் குரலிலும் வயலினிலும் 100க்குக் கீழே வெட்டிவிடலாம் என்பதால் அது பெரிய துன்பமில்லை. பேஸை நேராக டிஐ பெட்டியில் (மைக் இல்லாமலே வாத்தியத்தைப் பதிவுக்கு இணைக்கும் பெட்டி) செருகுங்கள், ஆம்ப்பே வேண்டாம், எல்லாரும் ஹெட்ஃபோனில் கேட்கட்டும், ஒரு ப்ளீட் ஒழிந்தது. ஹெட்ஃபோன் மூடிய வகையாக இருக்கட்டும். அப்புறம் டிரம்மரிடம் பிரஷ் எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மெல்லிய குச்சி. அவர் 6 டெசிபல் குறைத்து அடித்தால் எல்லா மைக்கிலும் ஒரே நேரத்தில் 6 டெசிபல் ப்ளீட் குறைகிறது, அதைச் செய்யும் மைக் எந்தக் கடையிலும் இல்லை. டிரம்மர்கள் என்னைத் திட்டட்டும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்: தப்பாகப் பாடிய வரியைப் பிறகு தனியாகப் பாடி ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள். பழைய குரல் டிரம்ஸ் மைக்குகளிலும் வயலின் மைக்கிலும் இருக்கும், புதியதோடு சேர்ந்து இரண்டு பேர் பாடுவது போல் கேட்கும். பாட்டு முழுவதையும் திரும்ப எடுங்கள், பிறகு வேண்டுமானால் இரண்டு டேக்கை எல்லா டிராக்கோடும் சேர்த்து வெட்டி ஒட்டலாம்.

நாலுபேர்_ஓர்அறை:

கண்டென்சரை விற்கவில்லை. ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் எதை முதலில்?

எட்டுவடிவம்:

முதலில் இருப்பதை வைத்து ஒரு நாள் முழுக்க உட்காரும் இடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். டிரம்மர் தனியாக வாசிக்கட்டும், நீங்கள் ஒவ்வொரு மைக்கையும் கேட்டு, சிம்பல் எங்கே இறங்குகிறது என்று திருப்பிக்கொண்டே வாருங்கள். அதன் பிறகும் குரலும் கிட்டாரும்தான் தொல்லை என்றால் ரிப்பன், வயலின்தான் தொல்லை என்றால் கிளிப்.

ரிப்பன் வாங்கினால் ப்ரீஆம்பை, அதாவது மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் பகுதியைப் பாருங்கள். மெதுவாகப் பாடுகிறவருக்கு சாதாரண ரிப்பன் 60 டெசிபலுக்கு மேல்கூட கெய்ன் கேட்கும், உங்கள் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) அந்த உயரத்தில் இரைந்தால் ப்ளீட் போய் இரைச்சல் வந்த கதையாகிவிடும். பென்சில் மைக்குகளுக்கு, கண்டென்சர் என்பதால், கேபிள் வழியே 48 வோல்ட் மின்சாரம் போடுவீர்கள், சில இன்டர்ஃபேஸில் அந்த ஒரு பொத்தான் நாலு சேனலுக்கும் சேர்த்து இருக்கும். கேபிள் சரியாக இருந்தால் இப்போதைய ரிப்பன் பெரும்பாலும் தாங்கிவிடும், ஆனால் பழுதான கேபிளோ பழைய ரிப்பனோ என்றால் போய்விடலாம். ரிப்பனை அந்த நாலுக்கு வெளியே உள்ள சேனலில் செருகுங்கள், உள்ளேயே மின்சுற்று உள்ள ஆக்டிவ் ரிப்பன் என்றால் மட்டும் 48 வோல்ட் வேண்டும்.