அல்யானிகோவுக்கு ஆட்டுக்கறி மட்டும்தானா?

கார்மேகம்:
தென் இத்தாலியில் பசிலிகாத்தா மாநிலம், அங்கே வுல்துரே என்ற அணைந்த எரிமலை. அதன் சரிவில் விளையும் அல்யானிகோ திராட்சையின் சிவப்பு ஒயினைப் பற்றித்தான் இந்த இழை. நேராகவே சொல்லிவிடுகிறேன்: இதற்கு ஆட்டுக்கறிதான். காரணம், துவர்ப்பு. ஒயினில் உள்ள டானின் நம் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. கறியின் புரதமும் கொழுப்பும் கூட இருந்தால் அந்த இழுப்பு அடங்கிவிடும். அந்த ஊர் இடையர்கள் வழிவழியாகச் செய்யும் குத்துரித்தி என்ற ஆட்டுக் குழம்பு இருக்கும்போது வேறு எதைத் தேடுவது?

தாழை:
கார்மேகம் அண்ணே, டானின் பற்றிச் சொன்னது சரி. ஆனால் புளிப்பை விட்டுவிட்டீர்கள். அல்யானிகோ அக்டோபர் கடைசிவரை, சில வருடம் நவம்பர்வரைகூட, கொடியிலேயே நிற்கிறது. மலைச்சரிவில் இரவுக் குளிர் வேறு. அதனால் பழம் நன்றாக முற்றிய பிறகும் புளிப்பு இறங்குவதில்லை. புளிப்பு குறைந்த ஒயினைப் புளிப்பான தக்காளியோடு குடித்தால் சப்பென்று ஆகிவிடும். இது அப்படி ஆகாது.

பசிலிகாத்தாவின் தலைநகர் பொதென்சாவில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். வீட்டுக்காரம்மா செனிசே மிளகாயைப் பொரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நூலில் கோத்து வெயிலில் காயவைத்த மிளகாய். பெயர்தான் மிளகாய், காரம் துளியும் கிடையாது. சூடான ஆலிவ் எண்ணெயில் போட்டு நாலைந்து நொடியில் எடுத்துவிடுவார். கொஞ்சம் தாமதித்தாலும் கசந்துவிடும். ஆறினால் அப்பளம் போல நொறுங்கும். அதைக் கையால் நொறுக்கி, வறுத்த ரொட்டித்தூளோடு ஸ்த்ராஷினாத்தி பாஸ்தாவின் மேல் தூவி, கொஞ்சம் பெகொரினோ சீஸும் துருவிப் போட்டு, ஒரு தம்ளர் அல்யானிகோ ஊற்றிக் கொடுப்பார். தட்டில் கறி ஒரு துண்டு இருக்காது. அந்த ஒயின் அவ்வளவு பாந்தமாக உட்கார்ந்ததை வேறெங்கும் நான் காணவில்லை.

கார்மேகம்:
பெகொரினோ செம்மறிப் பாலில் செய்வதுதானே அக்கா? அந்தக் கொழுப்பும் புரதமும்தான் அங்கே வேலை செய்கின்றன. அப்புறம், அவர் ஊற்றியது இளசான ஒயினாக இருந்திருக்கும். அதே திராட்சையில் கம்பானியாவில் செய்யும் தவுராசியைப் பாருங்கள். விதிப்படி குறைந்தது 3 வருடம், ரிசர்வா என்ற கூடுதலாக முதிரவைத்த வகை என்றால் 4 வருடம் வைத்திருந்துதான் வெளியே விடவேண்டும். அதைப் போய் ரொட்டித்தூள் பாஸ்தாவோடு வைப்பதா?

உப்பளம்:
இவ்வளவு துவர்ப்போடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? பக்கத்து மாநிலம் பூலியாவின் பிரிமிதீவோ இருக்கிறதே. சீக்கிரம் பழுப்பதால்தான் அந்தப் பெயரே. ஆகஸ்ட் கடைசியிலேயே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். அமெரிக்காவின் ஜின்ஃபாண்டெலும் இதே திராட்சைதான் என்று மரபணு ஆய்வு காட்டிவிட்டது. பழச்சுவை தூக்கல், டானின் மென்மை. தெற்கே உள்ள கலாப்ரியா மாநிலத்தின் இந்துயா, அதாவது ரொட்டியில் தடவும் காரமான பன்றிக் கலவை, அதற்கு இதுதான் சரி.

தாழை:
உப்பளம், இங்கே நான் உங்களோடு ஒத்துப்போக முடியாது. பூலியாவின் மந்தூரியா ஊர்ப் பெயரில் வரும் பிரிமிதீவோவில் ஆல்கஹால் 13.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதே விதி. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 14, அதற்கும் மேல். ஆல்கஹால் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடும். இந்துயாவோடு குடித்தால் பழச்சுவை எங்கே தெரியும்? எரிச்சல்தான் மிஞ்சும். காரத்துக்கு அல்யானிகோவும் வேண்டாம், பிரிமிதீவோவும் வேண்டாம். அதே கலாப்ரியாவின் சிரோ ரோசாதோ என்ற இளஞ்சிவப்பு ஒயினைக் குளிரவைத்து எடுங்கள்.

உப்பளம்:
இந்துயாவை விடுங்கள், அது உங்கள் பக்கமே இருக்கட்டும். அடுப்பில் சுட்ட பன்றி விலாவுக்குப் பிரிமிதீவோதான் என்பதில் மாற்றமில்லை.

கார்மேகம்:
தாழை அக்கா, இளசான வுல்துரே அல்யானிகோ பாஸ்தாவோடு போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 10 வருடத் தவுராசியை ஆட்டுத்தொடை இல்லாமல் திறக்க மாட்டேன்.

தாழை:
அங்கேதான் இடிக்கிறது அண்ணே. 10 வருடத்தில் டானின் தானாகவே அடங்கியிருக்கும். உங்கள் வாதப்படி அதை அடக்கத்தானே கறி? அந்த வயதில் தோல், புகையிலை, உலர்ந்த செர்ரி என்று வாசம் மெல்லியதாகிவிடும், காட்டமான மசாலாக் குழம்பு அதை மூடிவிடும். பொதோலிகா மாட்டுப் பாலில் செய்து நன்றாக முற்றவைத்த காச்சோகவால்லோ சீஸ் ஒரு துண்டு, கூட ரொட்டி. அதோடு ஒருமுறை திறந்து பாருங்கள்.

கார்மேகம்:
சரி, அந்தச் சீஸ் கிடைத்ததும் திறக்கிறேன். தொடையும் அடுப்பில் இருக்கும். இரண்டோடும் குடித்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.