நகரப் பங்கில் ஞாயிறு திருப்பலிக்கு அப்பால் இணைவது எப்படி?

கேள்வி
பதிவிட்டவர்: கடற்கரைப் பங்கிலிருந்து வந்தவர்

மரியே வாழ்க. தூத்துக்குடி மறைமாவட்டத்தின் கடற்கரைப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம்) ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். மனைவி, மகள், வயதான தாயார் ஆகியோருடன் சென்னையின் புறநகர்ப் பகுதி ஒன்றுக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. எங்கள் ஊரில் காலை, நண்பகல், மாலை என மூவேளையும் கோயில் மணி அடிக்கும்போது வீட்டிலும் கரையிலும் இருப்பவர்கள் செபம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடர்வார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஒரு வீட்டில் எவராவது நோயில் விழுந்தால், குடும்பத்தார் சொல்வதற்கு முன்பே உபதேசியார் (கோயிலில் மறைபோதனைக்கு உதவுபவர்) மூலமாகப் பங்குத்தந்தைக்குச் செய்தி போய்விடும். பங்கில் சேர்வதற்கென்று எவரும் எதையும் செய்ததில்லை, பிறந்தாலே போதும்.

இங்கே ஞாயிறு காலையில் அடுத்தடுத்துத் திருப்பலிகள் நடக்கின்றன. ஒன்று முடிந்து வெளியே வருவோரும் அடுத்ததற்கு உள்ளே செல்வோரும் வாசலில் நெருக்கியடித்துக் கடந்து போகிறோம். சமாதானம் சொல்லிக் கைகூப்பும்போது பக்கத்தில் நிற்பவரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. தாயாரால் இரண்டாவது மாடியிலிருந்து இறங்க முடியாது. ஊரில் மாதத்தின் முதல் வெள்ளிதோறும் அவருக்கு வீட்டுக்கே நன்மை, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பமாகிய நற்கருணை, வரும். இங்கே வந்த பிறகு வாங்கவில்லை, அதைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறார். மனைவி செவிலியர், பல ஞாயிறுகளில் பணியில் இருப்பார். மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள், புதுநன்மைக்கு (முதன்முறை நற்கருணை பெறுவதற்கு) ஆயத்தம் செய்ய வேண்டும். எங்கள் தெருவில் அன்பியம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழு) ஒன்று இருப்பதாக அறிந்தேன். ஆனால் திருவிழா நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு ஒருமுறை வந்தவர்களைத் தவிர அதில் யாரையும் தெரியாது. இத்தகைய பெரிய பங்கில் திருப்பலி கண்டுவிட்டுத் திரும்புவதோடு நின்றுவிட வேண்டியதுதானா? உண்மையாகவே உறுப்பினராக விரும்பும் குடும்பம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 1
பதிவிட்டவர்: அன்பியப் பொறுப்பாளர், திருச்சி

அன்புச் சகோதரருக்கு வணக்கம். உங்கள் தாயாரின் காரியத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது காத்திருக்கக்கூடாதது. ஞாயிறு திருப்பலி முடிந்த நெரிசலில் பங்குத்தந்தையைப் பிடிக்க முயலாமல், வார நாளொன்றில் பங்கு அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் நேரில் செல்லுங்கள். குடும்பப் பதிவேட்டில் உங்கள் குடும்பத்தின் பெயரையும், வீட்டு முகவரியையும், நடக்க இயலாத நோயாளி ஒருவர் இருக்கிறார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பழைய பங்கிலிருந்து ஒரு கடிதமும், திருமுழுக்கு, திருமணச் சான்றிதழ்களின் நகலும் கையில் இருந்தால் மகளின் புதுநன்மைக்கும் அவை உதவும்.

நோயாளிகளுக்கு நற்கருணை வழங்குவதை அருள்பணியாளர் மட்டுமே செய்தாக வேண்டும் என்பதில்லை. தேவை இருக்குமிடத்தில் பொதுநிலையினரையும் துறவற சகோதரிகளையும் நற்கருணைப் பணியாளர்களாக நியமிக்க 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் வழி செய்யப்பட்டது. பல நகரப் பங்குகளில் சகோதரிகளே வாரந்தோறும் வீடு வீடாகச் செல்கிறார்கள். ஆகவே முதல் வெள்ளி வரை காத்திராமல் வாரம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் ஒழுங்கு முதியோரையும் நோயுற்றோரையும் அவர்களைக் கவனித்துக்கொள்வோரையும் கட்டுப்படுத்தாது, திருச்சபைச் சட்டம் 919 இதைத் தெளிவாகச் சொல்கிறது. மாத்திரையும் கஞ்சியும் நேரம் தவறக்கூடாத வயதில், 'சாப்பிட்டுவிட்டேனே' என்று தயங்கி நன்மையை மறுத்த முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுருபமும் (இயேசு அறையுண்ட சிலுவை) எரியும் மெழுகுவர்த்தியும் வைத்திருந்தால் போதும்.

நோயுற்றோருக்கு அருள்பணியாளர் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலையும் தள்ளிப்போட வேண்டாம். அது இறுதி மூச்சுக்கென்று ஒதுக்கப்பட்ட அருட்சாதனம் அன்று. நோயினாலோ முதுமையினாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும் நிலையிலேயே பெறலாம். நிலைமை மோசமானால் மீண்டும் பெறலாம். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில், நினைவிழந்தவருக்காகச் சாமியாரைத் தேடி ஓடும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் மாறாதது வேதனையளிக்கிறது.

உங்கள் மனைவிக்கு: சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு திருப்பலி காணும் கடமை நிறைவேறும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. சனி மாலையும் பணி என்றால், நோயாளியைக் கவனிக்கும் கடமையின் பொருட்டு வர இயலாதவர் பாவத்தில் இல்லை. அவர் அந்த ஞாயிறின் விவிலிய வாசகங்களை வீட்டில் படித்துச் செபிக்கலாம், வாரநாள் திருப்பலி ஒன்றுக்கும் வரலாம்.

பதில் 2
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை

தம்பி, உங்கள் மனைவி செய்கிற பணியை நானும் செய்தவள் என்பதால் எழுதுகிறேன். முந்தைய பதிலில் அன்பர் கூறிய யாவும் சரியே. ஆனால் அன்பியத்தைப் பற்றி என் அனுபவம் வேறு; அதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு உதவாது. நான் முன்பு வாழ்ந்த ஒரு பங்கில் அன்பியக் கூட்டம் என்றால் செபமாலையை வேகமாக முடித்துவிட்டு, கட்டட நிதியில் எந்தக் குடும்பம் பாக்கி வைத்திருக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பதாக இருந்தது. பணம் கொடுக்க முடியாத ஒரு கைம்பெண் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் ஏன் வரவில்லை என்று எவரும் போய்க் கேட்கவில்லை. நானும் போவதை விட்டுவிட்டேன்.

எனக்குப் பங்கு கிடைத்தது வாரநாள் திருப்பலியில்தான். இரவுப் பணி முடிந்து காலை ஆறு மணித் திருப்பலிக்கு வருவேன். ஞாயிறு கூட்டத்தைக் கண்டு பழகியவர்களுக்கு அந்த நேரத்துக் கோயில் வெறுமையாகத் தோன்றலாம். ஆனால் அங்கே வருபவர்கள் சிலரே என்பதால் ஒருவரை ஒருவர் அறிவோம்; ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஞாயிறில் இரண்டு வாசகங்களும் நற்செய்தியும் உண்டு, வாரநாளில் ஒரே வாசகமும் நற்செய்தியும்தான். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றிலும் வாரநாள் முதல் வாசகங்கள் இரண்டு ஆண்டுச் சுற்றிலும் வருகின்றன. எனவே வாரநாளில் வருபவர், ஞாயிறு மட்டும் வருபவர் கேட்கவே வாய்ப்பில்லாத விவிலியப் பகுதிகள் பலவற்றைக் கேட்கிறார். வாசகம் படிக்க ஆள் இல்லாமல் ஒருநாள் என்னை அழைத்தார்கள், அன்று தொடங்கியது என் பணி.

செவ்வாய்க்கிழமை உங்கள் பங்கில் புனித அந்தோணியார் நவநாள் (அவரிடம் வேண்டும் சிறப்பு வழிபாடு) உண்டா என்று பாருங்கள். அவர் 1231 ஜூன் 13, வெள்ளியன்று இறந்து அடுத்து வந்த செவ்வாயில் அடக்கம் செய்யப்பட்டதால் அந்தக் கிழமை அவருக்குரியதாயிற்று. தமிழ்நாட்டில் இந்து சமயத்தாரும் உரிமையோடு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற நாள் அது. சில இடங்களில் ஏழைகளுக்கு உணவும் வழங்குவார்கள். பரிமாற ஆள் வேண்டுமா என்று கேட்டு நில்லுங்கள். பெயர் தெரியாத நகரத்தில் பத்துப் பேரோடு சேர்ந்து சாம்பார் வாளியைத் தூக்கினால், அடுத்த ஞாயிறு அந்தப் பத்துப் பேரும் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

பதில் 3
பதிவிட்டவர்: மறைக்கல்வி ஆசிரியை, கோயம்புத்தூர்

மதுரை அம்மா எழுதியதைப் படித்து மனம் கனத்தது. அவர் சொல்வது எங்கும் நடக்காதது அன்று. ஆனாலும் அன்பியத்தை விட்டுவிடும்படி இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன், காரணத்தையும் சொல்கிறேன்.

ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடியபோது, சிறு கிறிஸ்தவ சமூகங்களின் ஒன்றிப்பாகத் திருச்சபை வாழ வேண்டும் என்று பேசியது. நம் பங்குகளில் இருபது, முப்பது குடும்பங்களாகப் பிரித்து அமைக்கப்பட்ட அன்பியங்களும் அதே நோக்கத்தைக் கொண்டவை. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி உலகெங்கும் பரவிய ஏழு படி நற்செய்திப் பகிர்வு முறையைப் பல அன்பியங்கள் பின்பற்றுகின்றன. முதலில் ஆண்டவரை அழைக்கிறோம், நற்செய்திப் பகுதியை வாசிக்கிறோம், மனத்தைத் தொட்ட சொற்களை உரக்கத் திரும்பச் சொல்கிறோம், அமைதி காக்கிறோம், உள்ளத்தில் பட்டதைப் பகிர்கிறோம். ஆறாம் படியில், இந்த வாரம் நம் தெருவில் நாம் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டு, இன்னார் இன்னதைச் செய்வார் என்று முடிவெடுக்கிறோம். ஏழாவதாக மன்றாடி முடிக்கிறோம். அன்பியத்தின் உயிர் அந்த ஆறாம் படியில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கைம்பெண் வரவில்லை என்பதை ஒருவர் சொல்லி, அவரைப் பார்க்க இருவர் போவதென்று முடிவாக வேண்டிய இடம் அது. அந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேராகக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் கூட்டம் அன்பியம் என்ற பெயரை மட்டுமே தாங்குகிறது.

பண விவகாரத்துக்கு வேறு இடம் இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 537 கட்டளையிடுகிறது. பங்குத்தந்தையோடு சேர்ந்து வரவு செலவைப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. கோயிலின் தேவைக்கு உதவுவது நம் எல்லோருடைய கடமைதான். ஆனால் இல்லாதவரை ஊரறியச் சுட்டிக்காட்ட எந்த அமைப்புக்கும் அதிகாரம் இல்லை. இல்லாதவரைத் தேடிப் போவதற்கென்றே வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833-இல் பாரிஸ் நகரில் இருபது வயது மாணவராக இருந்த ஃபிரெடெரிக் ஓசானாம் தம் தோழர்களோடு தொடங்கிய அந்தச் சபையில், உறுப்பினர்கள் கூட்டத்தில் யார் எவ்வளவு போடுகிறார் என்று தெரியாதபடி ஒரு பையைச் சுற்றிவிடுவார்கள். பின்பு ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் செல்வார்கள். உங்கள் பங்கில் அது இயங்குகிறதா என்று விசாரியுங்கள், இளைஞர்கள் வராமல் பல இடங்களில் முதியவர்களே அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மகளின் புதுநன்மை பற்றி: பெரும்பாலான பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்கு முன்போ பின்போ மறைக்கல்வி வகுப்பு நடக்கும். புதுநன்மை வகுப்பைக் கடைசி சில வாரங்களில் மட்டும் முடித்துத் தரும்படி பெற்றோர் கேட்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். குழந்தை செபங்களை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் திருப்பலியில் எதற்காக எழுந்து நிற்கிறோம், எதற்காக முழங்காலிடுகிறோம், அப்பமும் இரசமும் என்னவாகின்றன என்பதெல்லாம் வாரந்தோறும் பெற்றோருக்கு நடுவில் நின்றுதான் அவளுக்குள் இறங்கும். குழந்தைகளை நம்பிக்கையில் வளர்க்கும் பொறுப்பு முதலாவதாகப் பெற்றோருடையது என்று திருச்சபை சொல்வது ஆசிரியர்களாகிய எங்கள் சுமையைக் குறைப்பதற்காக அல்ல. சனி இரவு மறுநாள் நற்செய்தியைப் பாட்டியின் கட்டிலருகே மகள் உரக்க வாசிக்கட்டும். பாட்டிக்குத் திருப்பலியின் ஒரு பகுதி கிடைக்கும், மகளுக்கு வாசகராவதற்கான பயிற்சியும் கிடைக்கும். எங்கள் பங்கில் இவ்வாறு தொடங்கிய சிறுமிகள் சிலர் இப்போது வாசகர் பட்டியலில் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் நன்றி. நேற்று பங்கு அலுவலகத்துக்குச் சென்று தாயாரின் பெயரைக் கொடுத்தேன்; நோயாளிகளைச் சந்திக்கும் சகோதரிகள் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பகுதிக்கு வருகிறார்களாம். உணவு பற்றிய சட்டத்தைக் கேட்டதும் அம்மாவின் முகம் தெளிந்தது. அங்கேயே அன்பியப் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணையும் பெற்று அவரிடம் பேசினேன். கூட்டம் வீடு மாறி மாறி நடக்கிறது என்றும் புதிய குடும்பம் அழைத்தால் மகிழ்ச்சி என்றும் கூறினார். ஒரு சந்தேகம்: தாயாரும் கேட்கும்படி எங்கள் வீட்டிலேயே கூட்டத்தை நடத்தக் கேட்கலாமா? அன்றே வீட்டில் திருப்பலியும் வேண்டலாமா?

பதில் 4
பதிவிட்டவர்: அன்பியப் பொறுப்பாளர், திருச்சி

கூட்டத்தைத் தயங்காமல் கேளுங்கள். நோயாளி இருக்கும் வீட்டில் கூடுவதை எங்கள் அன்பியத்தில் நாங்களே தேடிச் செய்கிறோம். தேநீர், பலகாரம் என்று பெரிதாக ஏற்பாடு செய்ய வேண்டாம். ஒரு வீட்டில் செலவு கூடினால் அடுத்த வீட்டார் அழைக்கத் தயங்குவார்கள். உட்காரப் பாயும் திருவிவிலியமும் இருந்தால் போதும்.

திருப்பலியைப் பொறுத்தவரை, அது கோயிலில் நிறைவேற்றப்படுவதே ஒழுங்கு. தேவை இருந்தால் தகுந்த வேறிடத்திலும் நிறைவேற்றலாம். பங்குத்தந்தை அன்பியங்களுக்கென்று ஆண்டில் சில வீட்டுத் திருப்பலிகளை வைத்திருக்கக்கூடும். எனவே தனிக்குடும்பமாகக் கேட்காமல், முதல் கூட்டம் முடிந்தபின் அன்பியத்தின் வழியாகக் கேளுங்கள். அந்தத் தெருவில் இறங்கி வர முடியாத முதியவர்கள் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று அதற்குள் விசாரித்து வையுங்கள். அவர்களையும் தூக்கி வர இளைஞர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கும்.